சுவிஸுக்கு நான் கோல் கீப்பர்

பாட்டு இரண்டாவது வரியோடு நின்றுவிட்டது.

லண்டனின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விளையாட்டு மண்டபம். ஞாயிறு மத்தியானம். பன்னிரண்டு பெண்கள் தோளோடு தோள் உரச வரிசையில் நிற்கிறோம். நெஞ்சில் சின்னதாக ஒரு சிவப்புச் சதுரம், அதற்குள் வெள்ளைச் சிலுவை. யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியை ஒலிபெருக்கியில் கொழுவி, சுவிற்சர்லாந்தின் தேசிய கீதத்தைப் போட்டார்கள். இரண்டு வரி போனது. பிறகு கர் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

தரையில் தேய்த்த மெழுகும் யாரோ காலில் பூசிய நோவெண்ணெயும் கலந்த மணம் மட்டும் மூக்கில் ஏறியது. ஒலிபெருக்கிக்காரர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெத் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள்.

நான் வாயைத் திறந்து மூன்றாவது வரியைப் பாடத் தொடங்கினேன். டொச் மொழியில், அதாவது ஜெர்மனில். தனியாக. முதல் சொல் கரகரவென்றுதான் வந்தது. அடுத்த வரியில் எங்கள் கப்டன் நிக்கோல் சேர்ந்துகொண்டாள். மற்றப் பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் முனகினார்கள். முடித்தபோது எதிரணியும் கைதட்டியது.

எங்கள் அணியில் அந்தப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, சுவிஸின் பேர்ன் நகரப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நிக்கோல். மற்றவள், யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனின் மிச்சம் பகுதியில் குடியிருந்து பஸ் ஓட்டும் நான்.

ஒரு வாசகரின் கோபம்

போன கிழமை பஸ் ஓட்டப் பழகிய கதையை எழுதும்போது, "சுவிஸ் அணிக்கு விளையாடப் போனபோது" என்று ஒரு அரை வரியை எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டேன். வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "என்ன விளையாட்டு? என்ன சுவிஸ்? பஸ்ஸை ஓரமாக நிற்பாட்டிவிட்டு அதைச் சொல்லுங்கள்."

நிற்பாட்டிவிட்டேன்.

விளையாட்டு வலைப்பந்து. கூடைப்பந்து அல்ல. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்த இடத்தில் நிற்க வேண்டும், மூன்று விநாடிக்குள் எறிய வேண்டும். பக்கத்துக்கு ஏழு பேர். ஒவ்வொருத்தியும் நிற்கக்கூடிய இடத்துக்கு எல்லை உண்டு. கம்பத்தின் உச்சியில் வளையம். வளையத்துக்குள் போடுகிறவள் கோல் சூட்டர். அவளோடு ஒட்டிக்கொண்டு நின்று அவளுக்குப் பந்து வராமல் பார்க்கிறவள் கோல் கீப்பர்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் உயரமான பிள்ளையைக் கண்டால் ஒன்று பாண்ட் கோஷ்டியில் கொடி பிடிக்க விடுவார்கள், இல்லையென்றால் கோல் கீப்பராக விடுவார்கள். எனக்குக் கொடி பிடிக்கக் கை உளைந்தது.

பதினேழு வயதில் சுவிஸுக்குப் போனேன். அங்கே எங்கள் ஊர்ப் பக்கம் வலைப்பந்து என்றால் என்னவென்றே ஒருவருக்கும் தெரியாது. கைப்பந்து இருந்தது, பனிச்சறுக்கு இருந்தது. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பதினைந்து வருடம் வேலை செய்தேன். அங்கிருந்த கிழவர்களிடம்தான் பேர்ன் பேச்சுவழக்கை நன்றாகப் பழகினேன், கெட்ட வார்த்தைகள் உட்பட. அதிலொன்றுதான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

கையில் பந்தோடு நின்ற பெண்

என் கணவர் ரவிக்கு மிச்சத்தில் டைல்ஸ் வேலை கிடைத்ததால் லண்டனுக்கு வந்தோம். நான் பஸ் ஓட்டப் பழகினேன். டிப்போவில் கூட வேலை செய்த ஒரு ஜமெய்க்காக்காரி, செவ்வாய்க்கிழமைகளில் வலைப்பந்து லீக் ஒன்று நடக்கிறது, ஆள் குறைகிறது, வா என்றாள். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு பந்தைத் தொட்டேன். முதல் நாள் மூச்சு முட்டிச் செத்தேன். ஆறாவது கிழமை, எனக்கு முன்னால் வருகிற பந்தெல்லாம் எனக்குத்தான் என்ற பழைய திமிர் திரும்பி வந்துவிட்டது.

ஒரு செவ்வாய், பந்துக்குப் பாய்ந்து முழங்கால் தேய விழுந்தேன். வாயிலிருந்து "கொப்ஃபெர்தோரி!" என்று வந்துவிட்டது. நாங்கள் "சவம்" என்று சொல்கிற அளவுக்கான வார்த்தைதான். பெரிய பாவமில்லை.

எதிரணியில் பந்தைக் கையில் வைத்திருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். என்னையே பார்த்தாள். மூன்று விநாடி தாண்டி நடுவர் விசில் ஊதினார். அவள் பந்தை விடவில்லை.

"நீ எங்கே வளர்ந்தாய்?" என்று பேர்ன் வழக்கில் கேட்டாள்.

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"எங்கள் அம்மாவின் அக்கா அங்கேதான் இருக்கிறாள்" என்றாள். அடுத்த கேள்வி, "உன்னிடம் சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் இருக்கிறதா?"

அதுதான் நிக்கோல். லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சுவிஸ் தேசிய வலைப்பந்து அணியின் கப்டன். அப்படி ஒரு அணி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அணியில் பாதிப் பேர் இங்கிலாந்தில் வாழ்கிறவர்கள். ஜெனீவாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண்கள், சுவிஸ்காரரைக் கட்டிய தென்னாபிரிக்கப் பெண்கள். கோச் கெரி ஓர் அவுஸ்திரேலியாக்காரி. மாதம் ஒரு ஞாயிறு லண்டனில் பயிற்சி. அணி தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வேறொரு நாட்டோடு விளையாடி இன்னும் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ரவியிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"என்னத்துக்கு யோசிக்கிறீர்? போம்."

"எனக்கு நாப்பத்திரண்டு வயசப்பா. அதுகள் சின்னப் பிள்ளையள்."

"உயரம் குறைஞ்சே போச்சு உமக்கு?"

ஒரு வருடம், ஒரே ஒரு போட்டி, அதோடு சரி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஊர்ச் சபை மேசையில் பாடியது

தேசிய கீதம் எனக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது ஊர்ச் சபையில் நேர்முகம். நீளமான மேசை, மூன்று ஆண்கள், ஒரு பெண், நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட். எந்தக் குப்பையை எந்தப் பையில் போடுவாய் என்று கேட்டார்கள். பக்கத்து ஏரிகளின் பெயர் கேட்டார்கள். கடைசியில் ஒருவர், கீதம் தெரியுமா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

நான் எழுந்து நின்று பாடினேன். விடவில்லை, முழுதாகப் பாடினேன். இரண்டாவது பகுதி அவர்களுக்கே தெரியவில்லை. ஓரத்தில் இருந்த தாடிக்காரர் வாயை அசைத்துக்கொண்டு என் உதட்டைப் பார்த்துப் பின்தொடர்ந்தார். முடித்ததும், பிஸ்கட் எடுத்துக்கொள் என்றார்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று.

பதினொன்று

சரி, போட்டிக்கு வருகிறேன்.

இரண்டு நாள் லீவுக்காக மூன்று பேரோடு ஷிப்ட் மாற்றினேன். சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஞாயிறு ஒன்று.

சனி காலை முதல் ஆட்டம். எதிரே வந்த பெண்கள் ஆறடி. அவர்களுடைய கோல் சூட்டர் என் தலைக்கு மேலால் பந்தை வாங்கி, என் தலைக்கு மேலால் போட்டாள். என்னை ஒரு தூணைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிப் போனாள். அறுபத்தாறுக்குப் பதினொன்று. பதினொன்று எங்களுடையது.

மத்தியானம் இரண்டாவது ஆட்டம். அதிலும் தோல்வி, ஆனால் இருபதுக்குள் வித்தியாசம். உடைமாற்றும் அறையில் கெரி பெரிதாகப் பேச்சு ஒன்றும் பேசவில்லை. பனிக்கட்டிப் பையை என் முழங்காலில் வைத்து அமத்திக்கொண்டே எல்லோருக்கும் சொன்னாள்.

"நாளைக்கு டென்மார்க். அவர்களும் எங்களைப் போலத்தான், புதிய அணி. வெல்லக்கூடிய ஆட்டம் இது ஒன்றுதான். இதையும் விட்டால், அடுத்த வருடம் இந்த அறையில் பாதிப் பேர் இருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்."

எல்லோரும் தோற்றுத் தோற்று அலுத்திருந்தார்கள். எங்கள் கோல் சூட்டர் பெத் ஏற்கனவே, இது தன் கடைசிப் போட்டி என்று சொல்லியிருந்தாள். நிக்கோல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அணியைத் தொடங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நாளைக்கு வெல்லுவோம் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. ஆறடிக்காரியோடு நாள் முழுக்க அடிபட்டபிறகு, சாதாரண உயரத்தில் ஒருத்தி வந்தால் எனக்குப் போதும் என்றிருந்தது.

இரண்டு சிவப்புக் கொடி

டென்மார்க்கின் கொடி சிவப்பில் வெள்ளைச் சிலுவை. சுவிஸின் கொடியும் சிவப்பில் வெள்ளைச் சிலுவை. சிலுவையின் வடிவத்தில்தான் வித்தியாசம். இரண்டு அணிக்கும் சட்டை சிவப்பு. நாணயம் சுண்டி, நாங்கள் வெள்ளைச் சட்டை போட வேண்டி வந்தது.

இதனால் வந்த வினை மேலே பார்வையாளர் கலரியில் நடந்தது. ரவி கொடியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறார். கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸ் பகுதியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் எட்டுப் பத்துப் பேராக வந்து ஏறியது. அவர்களுக்கு முன்னால் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். பெயர் யோகன். டென்மார்க்கிலிருந்து வந்து தம்பி வீட்டில் நிற்கிறவர். ரவியின் மடியில் சிவப்பையும் வெள்ளையையும் கண்டதும், "எங்கட ஆள்தான்" என்று பக்கத்தில் இருந்துவிட்டார். பையைத் திறந்து மட்டன் ரோல்ஸை நீட்டினார். ரவி மறுக்கவில்லை. ரோல்ஸ் விஷயத்தில் அவர் மறுத்து நான் கண்டதில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிய வந்தது. கீழே எனக்குத் தெரிந்தது இதுதான். கீதம் பாடி முடித்துப் போய் நின்றால், டென்மார்க்கின் கோல் சூட்டர் ஒரு தமிழ்ப் பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். என்னை விட நாலு விரல் குறைவு, ஆனால் முயல் மாதிரிக் கால். "ஹாய்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நானும் "ஹாய்" என்றேன். டொச்சில் அப்படி உரத்துப் பாடியவளைத் தமிழ் என்று அவள் எப்படி நினைப்பாள்?

விசில் ஊதியது. முதல் பந்து நடுவிலிருந்து வந்தது. மேலிருந்து ஒரு குரல்.

"அபி! கதவுப் பக்கம்! கதவுப் பக்கம் ஓடு!"

அந்த மண்டபத்தில் ஒரு பக்கம் பெரிய இரட்டைக் கதவு, எதிர்ப் பக்கம் சுவரில் மணிக்கூடு. அபி என்ற அந்தப் பெண் கதவுப் பக்கம் ஓடினாள். பந்து கதவுப் பக்கம் வந்தது. கோல்.

"மணிக்கூட்டுப் பக்கம், பிள்ளை! இப்ப!"

மணிக்கூட்டுப் பக்கம். கோல்.

நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். யோகன் அண்ணை கலரிக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து நின்றார். மேலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் இடம் காலியென்று தெரியும். அவர் சொல்லுகிறார், மகள் அபி ஓடுகிறாள். ஐரோப்பாவில் இந்த விளையாட்டு விளையாடுகிறவர்களில் யாருக்குத் தமிழ் விளங்கும்?

மூன்றாம் முறை, "கதவுப் பக்கம்" என்றார். நான் அபிக்கு முன்னமே கதவுப் பக்கம் போய் நின்றேன். பந்து நேராக என் கைக்கு வந்தது.

முதல் பாதி முழுக்க இதுதான் நடந்தது. பந்தை ஏழு தரமோ எட்டுத் தரமோ மறித்தேன். அபி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அவளுடைய அணித் தோழிகள் அவளை விசித்திரமாகப் பார்த்தார்கள். இடைவேளையில் பத்தொன்பதுக்குப் பதினான்கு. ஒரு தேசிய அணியாக நாங்கள் இடைவேளையில் முன்னுக்கு நின்றது அதுதான் முதல் தடவை.

எனக்கு மனம் கொஞ்சம் உறுத்தியது. கெரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தவள், மூக்கால் சிந்தினாள்.

"இது சரியா?" என்று கேட்டேன்.

"அவர் கத்துகிறார். உனக்குக் காது இருக்கிறது" என்றாள் கெரி.

நிக்கோல் ஆசிரியை அல்லவா, "சட்டப் புத்தகத்தில் காதைப் பற்றி ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ரவியின் வாய்

மூன்றாவது கால்பகுதியின் நடுவில் நான் ஒரு பந்தைத் தவறவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். "மணிக்கூட்டுப் பக்கம்" என்று அவர் சொன்னது கேட்டது, ஆனால் கால் வழுக்கிவிட்டது.

மேலே ரவி துள்ளி எழும்பினார். கையில் பாதி ரோல்.

"சுகந்தி! என்னப்பா செய்யிறீர்? அந்த அண்ணை மணிக்கூட்டுப் பக்கமெண்டு கத்தினவரெல்லே! கேக்கேல்லையோ உமக்கு?"

மண்டபத்தில் தமிழ் தெரிந்த அத்தனை பேரும் அமைதியானார்கள். அபி திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகம் சிவந்திருக்க வேண்டும்.

மேலே நடந்ததை ரவி இப்போதும் ஆட்களுக்கு நடித்துக் காட்டுவார். யோகன் அண்ணை மெதுவாகத் திரும்பினாராம்.

"தம்பி, நீங்கள் ஆரின்ரை பக்கம்?"

"சுவிஸ், அண்ணை. அது என்ரை மனிசி."

"அப்ப ஏன் என்ரை ரோல்ஸைத் திண்டனீங்கள்?"

"நீங்கள்தானே அண்ணை தந்தனீங்கள்."

அந்தப் பகுதி முடியும்வரை யோகன் அண்ணை வாயைத் திறக்கவில்லை. இருபத்தொன்பதுக்கு இருபத்தைந்து. இன்னும் நாங்கள்தான் முன்னுக்கு. ஆனால் அடுத்த இடைவேளையில் அபி கலரியின் கீழே போய் நின்றாள். அவர் கம்பிக்கு மேலால் குனிந்து என்னவோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

கடைசிக் கால்பகுதி. முதல் பந்து.

"அபி! கதவுப் பக்கம்!"

நான் கதவுப் பக்கம் பாய்ந்தேன். அவள் மணிக்கூட்டுப் பக்கம் போய் ஆறுதலாகப் பந்தை வாங்கி, ஆறுதலாகப் போட்டாள்.

சரி, தலைகீழாக்கிவிட்டார்கள் என்று விளங்கியது. அடுத்த முறை "மணிக்கூடு" என்றார். நான் கதவுப் பக்கம் போனேன். அவள் மணிக்கூட்டுப் பக்கமே போனாள். அந்த மனிசன் ஒரு தரம் உண்மையும் ஒரு தரம் பொய்யும் சொல்லத் தொடங்கிவிட்டார். எதற்கு எது என்று அவர்களுக்குள் ஏதோ அடையாளம் இருந்தது. பிறகு கேட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பொய், "பிள்ளை" என்றால் உண்மையாம். அந்த இடத்தில் நின்று அதை யார் கண்டுபிடிப்பது?

மேலும் ஆறு கோல் போனது, நாங்கள் இரண்டுதான் போட்டோம். முப்பத்தொன்றுக்கு முப்பத்து மூன்று. அவர்கள் முன்னுக்கு. என் காதுக்குள் கதவும் மணிக்கூடும் மாறி மாறி அடித்தன.

அந்த நேரம் ஒரு பெண்ணுக்கு விரல் மடங்கி, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். கெரி எல்லைக் கோட்டுக்கு அருகே வந்தாள். அவளுக்குப் பின்னால் மாற்று ஆட்டக்காரி, சட்டைமேல் கட்டும் கோல் கீப்பர் எழுத்துப் பட்டையைக் கையில் பிடித்தபடி. என்னை வெளியே எடுக்க முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்தது. பிழையான முடிவு என்று சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

"இரண்டு நிமிடம் தா" என்றேன்.

"சுகந்தி, நீ அவருடைய குரலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறாய்."

"தெரியும். இனி ஓடமாட்டேன்."

கெரி நிக்கோலைப் பார்த்தாள். நிக்கோல் கோல் டிபென்ஸ், எனக்கு அருகே நின்று விளையாடுகிறவள். "விடு, நிற்கட்டும்" என்றாள்.

குதிக்கால்

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடைபாதையில் நிற்கிற ஆள் குறுக்கே பாய்வாரா, மாட்டாரா என்று அறிய முகத்தைப் பார்க்க மாட்டோம். முகம் போனைப் பார்க்கும், கடையைப் பார்க்கும். காலைப் பார்ப்போம். கால்தான் முதலில் முடிவெடுக்கும்.

இத்தனை நேரமும் நான் அபியின் காலைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை, தகப்பன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாரே.

பார்த்தேன். முதல் தரம் பார்த்தபோது அவள் கோல் போட்டுவிட்டாள், நான் தடுக்கப் போகவே இல்லை. இரண்டாம் தரமும் பார்த்தேன். எந்தப் பக்கம் பாயப்போகிறாளோ, அந்தப் பக்கத்துக் குதிக்கால் கண் இமைக்கிற நேரத்துக்கு முன்னமே எழும்பியது. மெல்லிசாக. சப்பாத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம்.

மூன்றாம் தரம் பந்து என்னுடையது. அடுத்ததும் என்னுடையது. பெத் எதிர்ப் பக்கத்தில் ஒன்றையும் விடாமல் போட்டாள். முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து.

கடைசி நிமிடம். நடுவிலிருந்து பந்தை எறியும் முறை அவர்களுடையது. அவர்கள் அவசரப்படவில்லை, பந்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டே நேரத்தை இழுத்தார்கள். கடைசி எறி அபிக்கு, பிறகு விசில். அதுதான் திட்டம்.

மேலே யோகன் அண்ணை கத்தினார். ரவி கத்தினார். செவன் கிங்ஸ் முழுக்கக் கத்தியது. என்ன கத்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கண்ணுக்கு முன்னால் இரண்டு வெள்ளைச் சப்பாத்து மட்டும்தான் இருந்தது.

வலக் குதி எழும்பியது.

பாய்ந்தேன். நடுவிரலின் நுனியில் பந்து உரசியது. அவ்வளவுதான் உரசியது, ஆனால் போதும். பந்து திசைமாறி மேலே எகிற, நிக்கோல் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். எறிந்தாள். நடுவில் ஒருத்தி, பக்கவாட்டில் ஒருத்தி, பிறகு பெத். வலைப்பந்தில் விசில் ஊதுமுன் பந்து வளையத்தைக் கடந்துவிட வேண்டும். கையை விட்டுப் போனால் போதாது.

பெத் எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. நான் மண்டபத்தின் மறு நுனியில் நாலு காலில் கிடந்து பார்க்கிறேன். அது விழுந்தது. விழுந்து நிலத்தைத் தொட்டபோதுதான் விசில் ஊதியது.

நிக்கோல் என்மேல் வந்து விழுந்தாள். பிறகு பெத். பிறகு எல்லோரும். அடியில் கிடந்த எனக்கு மூச்சு விட முடியவில்லை. "எழும்புங்கோடி!" என்று தமிழில் கத்தினேன். ஒருத்திக்கும் விளங்கவில்லை.

கார்ப் பார்க்கில்

வெளியே வரும்போது தூறல். டென்மார்க்குப் பெண்கள் வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அபியின் கண் வீங்கியிருந்தது. நன்றாக அழுதிருக்கிறாள். அவர்களும் எங்களைப் போலவே முதல் வெற்றிக்காக வந்தவர்கள்.

யோகன் அண்ணையும் ரவியும் ஒரு குடைக்குள் நின்றார்கள். என்னைக் கண்டதும் அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். பகிடியாகத்தான், ஆனால் முழுக்கப் பகிடியும் இல்லை.

"தங்கச்சி, முதலே தமிழெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் டெனிஷில கத்தியிருப்பன்."

"சொல்லியிருந்தா நாங்கள் வெண்டிருக்கமாட்டமே, அண்ணை."

"அதுவும் சரிதான்." பிறகு ரவியிடம், "மனிசிக்கு எத்தினை வயசு?"

"நாப்பத்திரண்டு."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியோ?"

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் அபி.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். தமிழை டெனிஷ் மெட்டில் பேசினாள், ஆனால் திருத்தமாகப் பேசினாள்.

"அன்ரி, அடுத்த வருஷமும் விளையாடுவீங்களோ?"

இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்ப்பது குரலில் தெரிந்தது. என்னிடமும் அந்தப் பதில்தான் தயாராக இருந்தது. ஒரு வருடம், ஒரே ஒரு போட்டி. ரவியும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பின்னால் பெத், அடுத்த பயிற்சி எப்போது என்று கெரியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓம், விளையாடுவன்" என்றேன். சொன்னபிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. "ஒண்டு சொல்லட்டே, அபி? நீர் பாயிறதுக்கு முதல், போற பக்கத்துக் குதிக்கால் எழும்புது. நான் அதைப் பார்த்துத்தான் பிடிச்சனான். திருத்திப்போட்டு வாரும்."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஈரத் தரையில், பையும் தோளுமாக, மெதுவாக இடப்பக்கம் ஒரு அடி வைத்துப் பார்த்தாள். பிறகு வலப்பக்கம். முகத்தில் அழுகை போய்க் கோபம் வந்தது. தன்மேல் வந்த கோபம்.

"அதை ஏன் எனக்குச் சொல்லுறீங்கள்?"

"அடுத்த முறையும் அதையே பார்த்துப் பிடிச்சா எனக்கென்ன பெருமை?"

நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. "அப்ப பார்ப்பம், அன்ரி" என்றுவிட்டுப் போய் வானில் ஏறினாள்.

அடுத்த வருடம் அவள் அதைத் திருத்திவிட்டுத்தான் வந்தாள். அந்த ஆட்டத்தை அவள் எழுதட்டும்.